சி மொழியின் அன்சைன்ட் எண்கள்: பூஜ்யத்தில் இடறும் லூப்புகள்

ஒரு அரேயில், அதாவது வரிசையாக அடுக்கிய உறுப்புகளின் தொகுப்பில், எத்தனை உறுப்புகள் இருக்கின்றன என்று கேட்டால் மைனஸில் பதில் வராது. சரத்தின் நீளமும் அப்படித்தான், கோப்பின் அளவும் அப்படித்தான். எண்ணிக்கை மைனஸில் போகாது என்றால், அதை வைக்கும் மாறியும் மைனஸ் இல்லாத டைப்பாக இருப்பதுதானே ஒழுங்கு? சி எழுதுகிற பலரும் இப்படி யோசித்துத்தான் அன்சைன்ட் எண்களுக்கு வந்து சேர்கிறார்கள். மொழியும் அதன் நூலகமும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. பைட் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் தருவது சைஸ்_டி, சரத்தின் நீளத்தைச் சொல்லும் எஸ்டிஆர்லென் தருவது சைஸ்_டி, நினைவகம் ஒதுக்கும் மாலக் கேட்பதும் சைஸ்_டி. அந்த சைஸ்_டி ஒரு அன்சைன்ட் டைப்.

இந்த யோசனையில் ஓட்டை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அன்சைன்ட் என்றால் "மைனஸ் வராமல் பார்த்துக்கொள்ளும் டைப்" என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். சி எதையும் பார்த்துக்கொள்வதில்லை. மைனஸ் வர வேண்டிய இடத்தில் பிரமாண்டமான ஒரு பிளஸ் எண்ணை வைத்துவிட்டு, சத்தம் போடாமல் நகர்ந்துவிடும்.

அரேயைக் கடைசியிலிருந்து முதலுக்கு நடக்கும் லூப்பைப் பார்ப்போம். நிரலில் வரும் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்கிறேன்:

ஃபார் (சைஸ்_டி இடம் = அளவு - 1; இடம் >= 0; இடம்--)

படித்தால் பிழை தெரியாது. கடைசி உறுப்பில் தொடங்கி 0 வரை வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் "இடம் >= 0" என்பது அன்சைன்டுக்கு எப்போதும் ஆம் என்றே பதில் வரும் கேள்வி. இடம் 0-ஆக இருக்கும்போது ஒன்றைக் குறைத்தால், 64 பிட் கணினியில் அதன் மதிப்பு 18446744073709551615 ஆகிவிடும். அதுவும் 0-ஐ விடப் பெரியதுதானே. லூப் ஓடிக்கொண்டே இருக்கும்.

அதற்கு அப்புறம் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். அரே நான்கு பைட் இன்ட் (சி-யின் சாதாரண முழு எண்) எண்களால் ஆனது என்று வைத்துக்கொள்வோம். உறுப்பின் முகவரியைக் கண்டுபிடிக்க, கணினி இடத்தை நான்கால் பெருக்கித் தொடக்க முகவரியோடு கூட்டுகிறது. அந்தக் கணக்கும் அதே 64 பிட்டுக்குள் சுற்றுவதால், அவ்வளவு பெரிய எண் கடைசியில் தொடக்கத்துக்கு நான்கு பைட் முன்னால் என்ற முகவரியாகத்தான் வந்து நிற்கும். அங்கே பக்கத்து மாறி ஏதாவது இருக்கும். லூப் அதை வாசிக்கும், அல்லது அதன் மேல் எழுதும். பிறகு எட்டு பைட் முன்னால், பன்னிரண்டு பைட் முன்னால் என்று நினைவகத்தில் பின்னோக்கி ஊர்ந்துகொண்டே போய், நிரலுக்குச் சொந்தமில்லாத பக்கத்தைத் தொடும்போதுதான் விழும். அதே லூப்பில் இடத்தை 32 பிட் அன்சைன்ட் இன்ட்டாக வைத்திருந்தால் கதையே வேறு. 0-க்குப் பிறகு வருவது 4294967295. அதை நான்கால் பெருக்கினால் ஏறத்தாழ 16 ஜிபி தள்ளி ஒரு முகவரி. அங்கே பெரும்பாலும் எதுவும் இருக்காது, உடனே செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது சொந்தமில்லாத நினைவகத்தைத் தொட்டதற்காக நிரல் நிறுத்தப்படும். மொழியின் விதிப்படி இரண்டுமே வரையறுக்கப்படாத நடத்தைதான். நடைமுறையில் இரண்டாவது எவ்வளவோ தேவலை, விழுந்த இடமாவது தெரியும். சைஸ்_டி என்று "சரியாக" எழுதியவருக்குத்தான் கஷ்டமான பக் கிடைக்கிறது.

கணக்கு சுற்றுவது கம்பைலரின் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவியின்) குறை இல்லை. என் பிட் அன்சைன்ட் எண்ணில் எந்தக் கணக்கு போட்டாலும் விடை 2-இன் என்-ஆவது அடுக்கால் வகுத்த மீதிதான் என்று சி தரநிலையே சொல்கிறது. மைனஸையும் வைத்துக்கொள்ளும் சைன்ட் எண்ணுக்கு இந்தச் சலுகை கிடையாது. 32 பிட் இன்ட் 2147483647-ஐத் தாண்டினால் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். தாளில் பார்த்தால் அன்சைன்ட்தான் பத்திரம் என்று தோன்றும். ஆனால் விளிம்பு எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். சைன்ட் எண்ணின் விளிம்பு இருநூறு கோடிக்கு அப்பால் இருக்கிறது. சாதாரண லூப் அந்தப் பக்கம் போவதே இல்லை. அன்சைன்டின் கீழ் விளிம்பு 0. லூப் தொடங்குவதும் முடிவதும் அங்கேதான், காலியான அரேயின் நீளமும் அதுவேதான். ஆள் நடமாட்டம் அதிகமுள்ள இடத்தில் பள்ளம் தோண்டி வைத்ததுதான் இந்த டைப்பின் பிரச்சினை. பள்ளத்தில் தள்ளிவிடுவது பெரும்பாலும் கழித்தல்.

முன்னோக்கி ஓடும் லூப்பும் தப்பவில்லை. அடுத்தடுத்த இரண்டு உறுப்புகளை ஒப்பிட வேண்டும் என்றால் "இடம் < அளவு - 1" என்று எழுதுவோம். அளவு 5 என்றால் 4 தடவை, 1 என்றால் ஒரு தடவையும் ஓடாது, எல்லாம் சரி. அளவு 0 என்றால்? 0 - 1 என்பது மிகப்பெரிய எண்ணாகி, காலி அரேயின் மேல் லூப் தறிகெட்டு ஓடும். சோதனைக்கு எல்லோரும் நாலைந்து எண்களைக் கொடுத்துப் பார்ப்பார்கள். காலிக் கோப்பைக் கொடுத்துப் பார்ப்பவர் குறைவு. அதனால் இந்த பக் வெளியே போய், யாரோ ஒரு வாடிக்கையாளரின் காலியான கோப்புக்காகக் காத்திருக்கும். மாற்று ரொம்பச் சின்னது: "இடம் + 1 < அளவு". வலப்பக்கக் கழித்தலை இடப்பக்கக் கூட்டலாக மாற்றினால் போதும். இரண்டு சரங்களில் எது நீளம் என்று பார்க்க இரண்டு எஸ்டிஆர்லென்களைக் கழித்து, விடை 0-ஐ விடப் பெரிதா என்று கேட்பதும் இதே வகை. இரண்டு நீளமும் சமமாக இல்லாதவரை விடை எப்போதும் ஆம்தான்.

பின்னோக்கிய லூப்புக்கு வழக்கில் இருக்கும் தீர்வு இது:

ஃபார் (சைஸ்_டி இடம் = அளவு; இடம்-- > 0; )

முதலில் பார்ப்பவருக்கு அம்புக்குறி போலத் தெரியும். அதை வைத்து ஜோக்கே உண்டு. வேலை செய்யும் விதம் எளிது. அளவு 3 என்றால், 3 > 0 என்று ஒப்பிட்ட பிறகு இடம் 2 ஆகிறது, உள்ளே 2-ஆவது உறுப்பு. அப்புறம் 1, அப்புறம் 0. கடைசியில் 0 > 0 இல்லை என்பதால் வெளியேறும். அளவு 0 என்றால் உள்ளே நுழையவே நுழையாது. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: வெளியேறும் கடைசி ஒப்பீட்டிலும் ஒரு குறைப்பு நடந்துவிடுகிறது. லூப்புக்கு வெளியே அந்த மாறியை மறுபடி பயன்படுத்தினால் கையில் இருப்பது 18446744073709551615.

தொடக்கத்தைச் சேர்த்து, முடிவை விட்டுவிடும் இந்த எண்ணும் முறையை கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982-லேயே ஒரு கையெழுத்துக் குறிப்பில் வாதாடி நிறுவியிருக்கிறார். தொடக்கத்தை விலக்கி எண்ணினால், 0-இல் தொடங்கும் தொடருக்கு -1 என்ற எல்லையை எழுத வேண்டி வரும், அது அசிங்கம் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அன்சைன்டில் அது அசிங்கம் மட்டுமில்லை, எழுதவே முடியாது. பாடப்புத்தக இன்செர்ஷன் சார்ட்டில் (எண்களை வரிசைப்படுத்தும் முறை) "இடம் >= 0" என்று பின்னோக்கிப் போகும் வொயில் லூப்பும், பைனரி சர்ச்சில் (வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) "மேல் = நடு - 1" என்ற வரியும் சைஸ்_டி-க்கு மாற்றியவுடன் உடைவது இதனால்தான். தேடும் மதிப்பு முதல் உறுப்பை விடச் சிறியது என்றால் நடு 0-க்கு வந்துவிடும், மேல் எல்லை வானத்துக்குப் போய்விடும். மேல் எல்லையைத் தேடலில் சேராத எண்ணாக வைத்து "மேல் = நடு" என்று எழுதினால் கழித்தலே தேவைப்படாது.

சைன்டையும் அன்சைன்டையும் கலந்தால் வருவது அடுத்த சிக்கல். வேலைவாய்ப்புத் தேர்வுகளில் ரொம்ப நாளாகச் சுற்றிவரும் கேள்வி ஒன்று உண்டு. ஏழு உறுப்புள்ள அரே, சைஸ்ஆஃப் வைத்து அதன் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கும் மேக்ரோ, -1-இல் தொடங்கி "எண்ணிக்கை - 2" வரை ஓடும் லூப். என்ன அச்சாகும்? எதுவும் அச்சாகாது. ஒப்பீட்டின் ஒரு பக்கம் சைஸ்_டி இருப்பதால் இன்ட்டான -1 அன்சைன்டாக மாற்றப்படுகிறது. அந்தப் பிரமாண்ட எண் 5-ஐ விடச் சிறியதில்லை, லூப் தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. இதைக் கேள்வித்தாளுக்காக உருவாக்கிய புதிர் என்று ஒதுக்க வேண்டாம். கோப்பிலிருந்து பைட்டுகளை வாசிக்கும் ரீட் என்ற யூனிக்ஸ் அழைப்பு, வாசித்த பைட் எண்ணிக்கையைத் தரும்; பிழை வந்தால் -1 தருகிறது. அந்த விடையைச் சைஸ்_டி மாறியில் வாங்கி, "0-ஐ விடப் பெரிதாக இருக்கும்வரை ஓடு" என்று லூப் எழுதினால், வட்டில் பிழை வந்த கணத்தில் எக்கச்சக்கமாகப் பைட் வந்துவிட்டதாக நிரல் நம்பும். இதற்காகவே போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் தரநிலையில் எஸ்சைஸ்_டி என்ற சைன்ட் டைப்பை வைத்திருக்கிறார்கள்.

குழப்பத்தைக் கூட்டுவதற்கென்றே சின்ன டைப்புகளுக்கு வேறு விதி. 8 பிட், 16 பிட் அன்சைன்ட் எண்கள் கணக்கில் நுழைந்ததும் சாதாரண சைன்ட் இன்ட்டாக உயர்ந்துவிடும். பழைய யூனிக்ஸ் கம்பைலர்களில் அவை அன்சைன்டாகவே உயர்ந்தன. 1989-இல் வந்த முதல் தரநிலை, மதிப்பைக் காப்பாற்றும் வழியே மேல் என்று மாற்றியது. நல்ல முடிவுதான், ஆனால் 8 பிட்டுக்கு ஒன்று, 32 பிட்டுக்கு வேறொன்று என்று இரண்டு சட்டங்கள் ஆகிவிட்டன. மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு பைட் மிச்சம் பிடிக்க லூப் எண்ணியை 8 பிட்டாக வைத்து "எண்ணி < 256" என்று எழுதுவார்கள். 255-க்குப் பிறகு 0. 256 என்ற மதிப்பே அதற்கு வராது. லூப் முடியாது.

8 பிட் எண்ணி சுற்றியதன் மிகப் பிரபலமான காட்சியைப் பார்த்தது வீடியோ கேம் ஆடியவர்கள்தான். 1980-இல் நாம்கோ வெளியிட்ட பேக்-மேனில் 256-ஆவது நிலைக்கு வந்தால் திரையின் வலப்பாதி குப்பைக் குறியீடுகளால் நிறைந்துவிடும், அதைத் தாண்டி ஆட முடியாது. அது சி இல்லை, இசட்80 அசெம்பிளி. தடம் மட்டும் நமக்குத் தெரிந்ததுதான். எந்த நிலை என்பது ஒரு பைட்டில் இருக்கிறது. திரையின் கீழே பழங்களை வரையும் பகுதி அதனோடு ஒன்றைக் கூட்ட, 255 சுற்றி 0 ஆகிறது. 0 என்பது 8-ஐ விடக் குறைவு, ஆகவே அத்தனை பழம் வரையலாம் என்று முடிவு செய்கிறது. வரையும் லூப்போ முதலில் வரைந்துவிட்டு, பிறகு ஒன்றைக் குறைத்து, 0 ஆகிவிட்டதா என்று பார்க்கும் ரகம். 0-இலிருந்து ஒன்றைக் குறைத்தால் 255. ஏழு பழத்துக்குமேல் வரையக் கூடாத இடத்தில் 256 தடவை ஓடுகிறது.

தமிழ் உரையைக் கையாளும் சி நிரல்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்றும் இருக்கிறது. எழுத்தை வைக்கும், ஒரு பைட் அளவுள்ள கேர் என்ற டைப் சைன்டா அன்சைன்டா என்பதைத் தரநிலை தீர்மானிக்கவில்லை. இன்டெல், ஏஎம்டி கணினிகளில் பொதுவாகச் சைன்ட். ராஸ்பெர்ரி பை போன்ற ஆர்ம் லினக்ஸில் அன்சைன்ட். யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மேசைக் கணினியில் அந்த 224-ஐக் கேர் மாறியில் வாங்கினால் -32 ஆகத் தெரியும். ஆகவே "பைட் > 127 என்றால் அது ஆஸ்கி இல்லை" என்று ஒரு லூப் எழுதினால் அங்கே ஒரு தமிழ் எழுத்தும் சிக்காது. "பைட் < 0" என்று திருத்தினால் மேசைக் கணினியில் ஓடும், ராஸ்பெர்ரி பையில் ஓடாது. ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கும் கெட்கேர் தரும் விடையைக் கேர் மாறியில் வாங்கி, கோப்பின் முடிவைக் குறிக்கும் ஈஓஎஃப் (வழக்கமாக -1) வரும்வரை ஓடும் லூப்பும் இப்படித்தான்: ஆர்ம் லினக்ஸில் -1 என்பது 255 ஆகிவிடுவதால் கோப்பு முடிந்தாலும் லூப் முடியாது. கெட்கேரின் விடையை இன்ட்டில் வாங்குவதும், பைட்டுகளை அன்சைன்ட் கேர் என்று வெளிப்படையாக எழுதுவதும்தான் வழி. இங்கே அன்சைன்ட் நம் பக்கம்.

இதுவரை சொன்னவை நிரல் தவறாக ஓடும் கதைகள். 2002 ஜூனில், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்ஹெச்சில் வெளிவந்த ஓட்டை, கதவையே திறந்துவிட்ட கதை. உள்ளே வர விரும்புபவர் எத்தனை பதில்கள் அனுப்பப் போகிறார் என்ற எண்ணை, அவரே அனுப்புவார். சர்வர் அந்த எண்ணை ஒரு பாயின்டரின் (நினைவக முகவரியை வைக்கும் மாறியின்) அளவால் பெருக்கி நினைவகம் ஒதுக்கும். பிறகு ஒரு ஃபார் லூப், அந்த எண் வரை, ஒவ்வொரு பதிலாக வாங்கி அரேயில் வைக்கும். நான்கு வரிதான், யார் பார்த்தாலும் சரி என்பார்கள். 32 பிட் கணினியில் எதிராளி 1073741825 என்று அனுப்பினால்? நான்கால் பெருக்கினால் 4294967300; 32 பிட்டுக்குள் சுற்றி மிஞ்சுவது 4. நான்கு பைட் ஒதுக்கப்படும். லூப்போ நூறு கோடிக்குமேல் ஓடத் தயாராக நிற்கும், அதுவும் எதிராளி அனுப்பும் தரவை எழுதிக்கொண்டே. இவை எல்லாம் அவர் யார் என்று சர்வர் உறுதி செய்யும் முன்பே. 3.4 பதிப்பில் அதை அடைத்தார்கள். கவனிக்க வேண்டியது, பெருக்கலும் லூப்பும் இரண்டு வெவ்வேறு எண்களை நம்பின என்பது. சுற்றிய எண்ணை மாலக் எடுத்துக்கொண்டது, சுற்றாத எண்ணை லூப் எடுத்துக்கொண்டது. உறுப்பு எண்ணிக்கையையும் ஓர் உறுப்பின் அளவையும் தனித்தனியாக வாங்கி நினைவகம் ஒதுக்கும் காலக், இன்றைய நூலகங்களில் இந்தப் பெருக்கலைச் சரிபார்த்து, சுற்றினால் நினைவகம் தர மறுத்துவிடும். அதற்காகவே நான் அரே ஒதுக்க மாலக்கில் பெருக்கல் போடுவதைத் தவிர்ப்பேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அன்சைன்டையே ஒழித்துவிடலாம் என்றால் அதுவும் சரிவராது. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில், கிளம்பியதிலிருந்து கடந்த மில்லி விநாடிகளைச் சொல்லும் மில்லிஸ் தரும் எண் 32 பிட் அன்சைன்ட், சுமார் 49.7 நாளில் சுற்றி 0-க்கு வரும். "இப்போது - தொடக்கம் >= இடைவெளி" என்று எழுதினால் சுற்றும்போதும் கணக்கு பிசகாது. தொடக்கம் 4294967290, இப்போது 10 என்றால் கழித்த விடை 16, அதுதான் உண்மையில் கடந்த மில்லி விநாடி. கழித்தல் இங்கே உதவுகிறது, ஏனென்றால் நமக்கு வேண்டியதே சுற்றுக் கணக்கு. லினக்ஸ் கெர்னலில் (இயங்குதளத்தின் உள்மையத்தில்) நேரத்தை எண்ணும் ஜிஃபிஸ் எண்ணியும் இதே நம்பிக்கையில்தான் ஓடுகிறது. கணினி கிளம்பி ஐந்து நிமிடத்தில் 32 பிட் விளிம்பைத் தாண்டும்படி அதன் தொடக்க மதிப்பை வேண்டுமென்றே பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். சுற்றும்போது உடையும் டிரைவர் ஏதாவது இருந்தால் வாரக்கணக்கில் காத்திருக்காமல் அன்றே மாட்டிக்கொள்ளும். எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தந்திரங்களில் இது ஒன்று.

ஆனால் ஆர்டுயினோ கணக்கையே 16 பிட்டில் செய்து பாருங்கள். ஆர்டுயினோ வகைகளில் ஒன்றான ஊனோ பலகையில் இன்ட்டே 16 பிட் என்பதால் பிரச்சினை இல்லை. அதே நிரலை 32 பிட் பலகைக்குக் கொண்டுபோனால் 16 பிட் எண்கள் சைன்ட் இன்ட்டாக உயர்ந்து, 10 - 65530 என்பது -65520 ஆகிறது. இடைவெளி 500 என்றால் அந்த நிபந்தனை இனி நிறைவேறவே நிறைவேறாது, எல்இடி அத்தோடு சிமிட்டுவதை நிறுத்திவிடும். விடையை மறுபடி 16 பிட் அன்சைன்டாகக் காஸ்ட் செய்தால்தான் (டைப்பை வெளிப்படையாக மாற்றினால்தான்) சரியாகும்.

சி++ உலகம் இந்த விவாதத்தை நம்மைவிட உரக்கப் பேசிவிட்டது. இண்டெக்ஸும் அளவும் சைன்டாக இருந்திருக்க வேண்டும் என்று அந்த மொழியை உருவாக்கிய ஸ்ட்ரோஸ்ட்ரப் தரக் குழுவுக்கே எழுதினார். ஜாவா, கேர் தவிர அன்சைன்ட் முழு எண்ணே வேண்டாம் என்று முதலிலேயே விலகிக்கொண்டது. கோ மொழியில் நீளத்தைச் சொல்லும் லென் தருவது சைன்ட் இன்ட். சைன்டின் பக்கம் இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. சைன்ட் எண்ணி சுற்றாது என்று கம்பைலர் வைத்துக்கொள்ளலாம், அதனால் "இடம் <= அளவு" என்ற லூப் எத்தனை தடவை ஓடும் என்று கணக்கிட்டு வேகப்படுத்த முடியும்; அன்சைன்டில் அளவு மிகப்பெரிய எண்ணாக இருந்தால் அந்த லூப் முடியாமல் போகலாம் என்பதையும் அது யோசிக்க வேண்டியிருக்கிறது. அடுத்தது, சைன்ட் எண் தாண்டினால் நிரல் ஓடும்போதே பிழை பிடிக்கும் யூபிசான் போன்ற கருவிகள் கத்தும். அன்சைன்ட் சுற்றுவது சட்டப்படி சரி என்பதால் தாமாகக் கத்துவதில்லை. கிளாங் என்ற கம்பைலரில் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இருந்தும் சி-யில் நான் சைஸ்_டி-யோடுதான் இருப்பேன். நூலகம் முழுக்க அது இருக்கும்போது லூப்பில் மட்டும் இன்ட் வைத்தால் ஒவ்வொரு ஒப்பீடும் கலப்புத் திருமணம் ஆகிவிடும். சைஸ்_டி-யை வைத்துக்கொண்டு, எல்லை போடும் இடங்களில் கழித்தலைத் துரத்துவது சுலபம். ஜிசிசி என்ற கம்பைலர் உதவும், ஆனால் சி-யில் அதன் "எல்லா எச்சரிக்கையும்" என்று பெயருள்ள டபிள்யூ-ஆல் போதாது. சைன்ட்-அன்சைன்ட் ஒப்பீட்டையும், எப்போதும் உண்மையாகும் "இடம் >= 0" நிபந்தனையையும் சொல்லித் தருவது டபிள்யூ-எக்ஸ்ட்ரா. "அளவு - 1" பற்றி அதுவும் வாய் திறக்காது. அதை நாமேதான் தேட வேண்டும்.

எச்சரிக்கை வந்ததும் நீளத்துக்கு முன்னால் இன்ட் என்று ஒரு காஸ்ட் போட்டு அதை வாயடைக்க வைப்பவர்கள் நிறைய. கம்பைலர் அமைதியாகிவிடும். என்றாவது 3 ஜிபி கோப்பு ஒன்று வரும். 3221225472 என்ற நீளம் இன்ட்டுக்குள் நுழைந்ததும் வழக்கமாக -1073741824 ஆகும். "இடம் < நீளம்" என்ற லூப் ஒரு தடவைகூட ஓடாது. நிரல் கோப்பின் ஒரு பைட்டையும் தொடாமல், வேலை முடிந்தது என்று 0-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறும்.